கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்ட றெஜினா

என் தம்பி அன்ட்ரூவின் மனைவி றெஜினா எதையும் மறக்க மாட்டாள். மன்னிக்கவும் மாட்டாள். இதை அவளுடைய முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

"ஓம் மச்சாள், அதுக்கு இப்ப என்ன?" என்று திருப்பிக் கேட்டாள்.

கல்யாணம் கட்டிக் கனடாவுக்கு வந்த புதிதில் அவர்கள் இரண்டு பேரும் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் இருந்தார்கள். மேலே இருந்த வீட்டுக்காரர் குளிர்காலத்தில் ஹீற்றரைக் குறைத்துவிட்டு, "சுவெற்றரைப் போடுங்கோ" என்று படியில் நின்று சத்தம் போடுவார். றெஜினா சுவெற்றரைப் போட்டுக்கொண்டாள். பல வருடம் கழித்து விட்பியில் வீடு வாங்கினார்கள். குடிபூரலுக்கு முதல் அழைப்பு அந்த மனிதருக்குத்தான் போனது. அவரை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய், சூட்டுக் காற்று வருகிற ஓட்டையில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். "சூடு காணுமோ அண்ணை?" குளியலறையிலும் கேட்டாள். மனிதர் சாப்பிடாமலே காரை எடுத்துக்கொண்டு போனார். பிறகு அவருக்கென்று வைத்த இறைச்சிக் கறியைப் பெட்டியில் போட்டு, அன்ட்ரூவிடம் கொடுத்து வீட்டுக்கே அனுப்பினாள். அதுதான் றெஜினா.

புனிதவதி ரீச்சரின் விஷயம் அதைவிடப் பழையது.

றெஜினா மன்னாரில் பாலர் பள்ளியில் படிப்பித்தவள். இங்கே வந்ததும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் படிப்பிக்க ஆசைப்பட்டாள். அந்தப் பள்ளி ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே நகைக்கடை, பக்கத்தில் கொத்துரொட்டிக் கடை. புது ஆசிரியர்களைப் பழக்குகிற பொறுப்பு அப்போது புனிதவதி ரீச்சரிடம் இருந்தது. ரீச்சர் ஊரில் பயிற்சிக் கலாசாலையில் படித்தவர். அங்கே விமர்சனப் பாடம் என்று ஒன்று உண்டு. புதிதாகப் படிப்பிக்க வருகிறவர் எல்லோருக்கும் முன்னால் ஒரு பாடம் எடுக்க வேண்டும். முடிந்ததும் அவர் நின்றபடி இருக்க, இருந்து பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பிழை சொல்வார்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு அவர் கைகூப்பி, "நன்றி, திருத்திக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ரீச்சர் அதை அப்படியே ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்திருந்தார்.

றெஜினா சின்னப் பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து படிப்பித்தாள். கரண்டிகளையும் மூடிகளையும் பரப்பிவைத்துப் பெரியது சின்னது சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் அவளுடைய மடியில் ஏறினார்கள். பாடம் முடிந்ததும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஆசிரியர்கள் சொன்னார்கள். பார்க்க வந்திருந்த தாய் தகப்பன்மாரும் சொன்னார்கள். கடைசியில் ரீச்சர் சொன்னார்.

"பிள்ளையளோட நிலத்தில உருண்டு பிரண்டா ரீச்சருக்கு மரியாதை எங்க இருக்கு? மன்னாரில மரத்துக்குக் கீழ வைச்சு உப்பிடிச் செய்திருப்பீர். இஞ்ச சரிவராது."

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகளும் சிரித்தார்கள். றெஜினா கைகூப்பி நன்றி சொன்னாள். பஸ் எடுத்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொன்னாள். அழவில்லை. "நன்றியும் சொல்ல வைச்சவ மச்சாள்" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் படியில் அவள் ஏறவில்லை.

ஆனால் படிப்பிக்கிறதை விடவில்லை. பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்த்தாள். பின்னேரம் படித்தாள். பாலர் கல்விக்குப் படித்து, பிறகு ஆசிரியர் படிப்பும் முடித்து, ஆங்கிலப் பள்ளியில் வகுப்பு எடுத்தாள். இப்போது அவளுக்கு வகுப்பு இல்லை. புதிதாக வேலைக்கு வருகிற ஆசிரியர்களுக்குப் பக்கத்தில் நின்று கைகொடுப்பதுதான் வேலை. அங்கே அதற்குக் கோச் என்று பெயர். அப்படிக் கைகொடுக்கிறவர்களுக்கே பயிற்சி கொடுக்கவும் அவளைக் கூப்பிடுகிறார்கள்.

போன வருடம் அதே தமிழ்ப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அதிபர் சண்முகலிங்கம் மாஸ்டர்தான் பேசினார். புதிதாக வருகிற இளம் ஆசிரியர்கள் ஒருவரும் நிற்கிறார்கள் இல்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியரைக் கொடுக்கப் போகிறார்கள். வழிகாட்டிகளுக்கு மேலே ஒரு தலைமை வழிகாட்டி. அந்த இடத்துக்குப் புனிதவதி ரீச்சரின் பெயர் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. ஆனால் நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: தலைமை வழிகாட்டியும் பயிற்சி எடுக்க வேண்டும், பயிற்சி கொடுக்கிறவர் சரி என்று சொன்னால்தான் பதவி. அந்தப் பயிற்சியைக் கொடுக்கத்தான் றெஜினாவைக் கேட்டார்கள்.

றெஜினா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் குடிபூரலிலும் பார்த்திருக்கிறேன்.

"நீங்கள் றோல்ஸ் செய்து கொண்டு வாங்கோ மச்சாள். நீங்கள் பாக்கோணும்."

அப்படித்தான் நானும் அந்த மேல்மாடிக்குப் போனேன். எனக்குப் படிப்பிக்கத் தெரியாது. றோல்ஸ் தெரியும், தேத்தண்ணி தெரியும். பின்னால் தேத்தண்ணி மேசையடியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

முதல் சனிக்கிழமை புனிதவதி ரீச்சர் காஞ்சிபுரச் சேலையில் வந்தார். விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை எல்லாம் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். மாஸ்டர் குத்துவிளக்கும் கொண்டுவந்திருந்தார். றெஜினா விளக்கை ஏற்றவிட்டு, உரைகள் எல்லாவற்றையும் வெட்டினாள். கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தாள். ரீச்சர் முன்வரிசையைத் தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு றெஜினாவைப் பார்த்து, "நீர் மன்னார்ப் பிள்ளையாமே. நல்லது, நல்லது" என்று தலையாட்டிவிட்டு இருந்தார்.

அவருக்கு இவளை நினைவே இல்லை. றெஜினாவின் கழுத்து சிவந்ததைப் பின்னாலிருந்து நான் கண்டேன்.

அவள் அங்கே பழக்கியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. புது ஆசிரியரின் வகுப்பில் போய் இருக்க வேண்டும். கண்ணால் கண்டதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பிறகு அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கடைசி வேலை வரவே வராது. மார்க்கம் நகரத்தில் கொம்பியூட்டர் வேலை செய்கிற கஜீவன் என்ற ஆசிரியர், "பாடம் எப்பிடிப் போச்சுது எண்டு நினைக்கிறீர்?" என்று கேட்டுவிட்டு, மூச்சு விடாமல் "நான் சொல்லட்டோ?" என்றார். கௌசி என்று இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, புதிதாகப் படிப்பிக்க வந்தவள், சிரித்துச் சிரித்து விக்கினாள்.

புனிதவதி ரீச்சர் சிரிக்கவில்லை. "உது என்ன முறை பிள்ளை? பிழையைப் பிழை எண்டு சொல்லாம, கேள்வி கேட்டுப்போட்டு ஆளின்ர மூஞ்சையைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? எங்களை விமர்சனப் பாடத்தில வறுத்தெடுத்தவை. அதாலதான் நாங்கள் ஆசிரியரா நிக்கிறம்."

இதற்காகத்தான் றெஜினா காத்திருந்தாள். "சரி ரீச்சர். வாற சனிக்கிழமை உங்கட முறையையே பாப்பம். பாடம் ஆர் எடுக்கிறது? தலைமை வழிகாட்டியா வரப்போறவ நீங்கள்தானே."

"ஏன், எடுக்கிறன்" என்றார் ரீச்சர்.

வீட்டுக்கு வரும்போது காரில் றெஜினா பாட்டுப் போட்டாள். "வாற கிழமை அவ நிண்டுகொண்டிருப்பா, நான் கதிரையில இருப்பன்" என்றாள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொய் சொல்லி என்ன?

அடுத்த சனிக்கிழமை சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இருத்தினார்கள். ரீச்சர் மரக்கறிப் படங்களைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். "கத்தரிக்காய்!" பிள்ளைகள் கத்தினார்கள். "பயித்தங்காய்!" திரும்பவும் கத்தினார்கள். பாடம் முழுவதும் அதுதான். பிள்ளைகள் போனதும் ரீச்சர் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

கஜீவன் தொடங்கினார். "கத்தினதைத் தவிரப் பிள்ளையள் ஒண்டும் செய்யேல்லை ரீச்சர்." இன்னொருவர், படம் சின்னது என்றார். இன்னொருவர், ஒரே பக்கத்தைப் பார்த்துப் படிப்பித்தீர்கள் என்றார். கௌசியும் துணிந்து, "நீங்கள் ஒருக்காக்கூடச் சிரிக்கேல்லை" என்றாள். இத்தனை வருடமாக ரீச்சருக்குப் பயந்து கிடந்த சனம். மடை திறந்த மாதிரிச் சொன்னார்கள். றெஜினா கடைசியாகச் சொன்னாள். அவள் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. "ரீச்சர், நீங்கள் உங்களுக்குத்தான் படிப்பிச்சனீங்கள். பிள்ளையள் அறையில இருந்ததெல்லாம் சும்மா அழகுக்கு."

நான் ரீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வாடும், அந்த நேரம் எழும்பித் தேத்தண்ணி ஊற்றுவோம் என்று இருந்தேன்.

வாடவில்லை. மனுஷி பூரித்துப்போய் நின்றார். ஒவ்வொருவர் சொன்னதற்கும் தலையாட்டினார். முடிந்ததும் இரண்டு கையையும் கூப்பி, பாட்டுக் கச்சேரி முடித்தவர் மாதிரி, "நன்றி. திருத்திக்கொள்ளுறன்" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களோ? நான் செத்துப்போகேல்லை. கலாசாலையில இதைவிட மோசமாக் கிழிப்பினம். பிள்ளை றெஜினா, நீர் சொன்னதுதான் திறம்."

எல்லோரும் கைதட்டினார்கள். மாஸ்டர் எழுந்தே கைதட்டினார். "உண்மையைச் சொன்னா றெஜினா, உந்தக் கேள்வி கேக்கிறதை விட இது விறுவிறுப்பா இருக்கு. எங்கட பள்ளியில இதையே முறையா வைப்பம்."

கஜீவன், "அடுத்த கிழமை கௌசியில இருந்து தொடங்குவம்" என்றார். சற்று முன்பு துள்ளிக்கொண்டிருந்த கௌசி வாயில் வைத்த றோலை மெல்லாமல் அப்படியே இருந்தாள்.

திரும்பி வரும்போது காரில் பாட்டு இல்லை. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் றெஜினா வாய் திறந்தாள்.

"அவவுக்குப் பழகின அடியாலயே அவவுக்கு அடிச்சிருக்கிறன். எனக்கு விசர். நான் பழக்கினது எல்லாத்தையும் நானே ஒரு மணித்தியாலத்தில நாசமாக்கிப்போட்டன். இப்ப அந்தக் கௌசியைக் கொண்டுபோய் அதே இடத்தில நிப்பாட்டப்போகினம்."

"உறைப்புத் தின்னிக்கு உறைப்பைக் குடுத்தா அவ தண்ணியும் கேக்கமாட்டா" என்றேன். "உப்பில்லாமக் குடுத்துப் பார்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரோட்டைப் பார்" என்று சொன்னேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை கௌசி பாடத்துக்கு ஆயத்தமாக, வெளிறிப்போய் வந்திருந்தாள். றெஜினா அவளை இருக்கச் சொன்னாள். "போன கிழமைப் பாடம் இன்னும் முடியேல்லை. நாங்கள் எல்லாரும் கதைச்சனாங்கள். பாடம் எடுத்தவ கதைக்கேல்லை. ரீச்சர், வாங்கோ."

நடுவில் இரண்டு கதிரைகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ரீச்சர் வந்து இருந்தார். சேலையைச் சரிபண்ணிக்கொண்டு, "சொல்லும் பிள்ளை, என்ன பிழை மிச்சம் இருக்கு?" என்றார்.

"நான் ஒரு பிழையும் சொல்லமாட்டன். கேப்பன். நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ. பாடத்தில எந்தப் பிள்ளையை நீங்கள் நல்லாக் கவனிச்சனீங்கள்?"

"முன்னுக்கு இருந்த பொம்பிளைப் பிள்ளை. கெட்டிக்காரி."

"எந்தப் பிள்ளையைக் கவனிக்கேல்லை?"

ரீச்சர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. றெஜினா கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கீழே கொத்துரொட்டிக் கடையில் தகரம் அடிக்கிற சத்தம் கேட்டது. அது நின்றது. திரும்பத் தொடங்கியது. றெஜினா அசையவில்லை.

"உதென்ன கேள்வி?" ரீச்சர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஏதோ சொல்லப் போனார். றெஜினா ஒரு கையை மட்டும் தூக்கினாள். அவர் வாயை மூடினார்.

"மூலையில ஒரு பொடியன் இருந்தவன்" என்றார் ரீச்சர். "வாயே திறக்கேல்லை."

"பேர் என்ன?"

"தெரியாது."

சொல்லிவிட்டு ரீச்சர் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்த மாதிரி. திட்டினால் கையைக் கூப்பி நன்றி சொல்லிவிட்டு எழும்பிவிடலாம். ஒருவரும் திட்டவில்லை. கஜீவன்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

றெஜினா குரலை உயர்த்தாமல் அடுத்ததைக் கேட்டாள். "இவ்வளவு காலமும் நீங்கள் பழக்கின புது ரீச்சர்மாரில, இப்ப இந்தப் பள்ளியில ஆர் இருக்கினம்?"

"கனபேரைப் பழக்கினனான்."

றெஜினா காத்திருந்தாள்.

"ஒராள் கலியாணம் கட்டிப் போட்டா. ஒராள் மார்க்கத்தில வேற பள்ளிக்குப் போட்டா. சிலர் சொல்லாமக் கொள்ளாம வராம நிண்டிட்டினம். இஞ்சத்தைப் பிள்ளையளுக்குப் பொறுமை இல்லை. உடன தொட்டாச்சிணுங்கி மாதிரி..." கௌசி இருக்கிற பக்கம் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை நிறுத்தினார். றெஜினா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சில்லாத இடத்தை நிரப்பாமல் இருக்க எங்கள் ஆட்களால் முடியாது. ரீச்சராலும் முடியவில்லை. "முந்தி ஒரு பிள்ளை வந்தது. ஒரு பாடத்தோட போட்டுது. கரண்டியும் மூடியும் கொண்டுவந்து, நிலத்தில இருந்து... அதுவும் உங்கட பக்கம்தான், மன்னார்..."

அங்கேயே பேச்சை நிறுத்திவிட்டார். தலையைத் திருப்பிப் பக்கத்துக் கதிரையைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"நீரோ அது?"

"ஓம்."

"ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை ரீச்சர். அண்டைக்கும் ஒண்டும் கேக்கேல்லை."

ரீச்சர் கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். எழும்பப் போனார். றெஜினா விடவில்லை.

"இன்னும் முடியேல்லை ரீச்சர். நான் கேட்டதுக்கு நீங்கள் மறுமொழி சொல்லேல்லை. இப்ப இந்தப் பள்ளியில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை." அந்தச் சத்தம் நான் இருந்த இடத்துக்கு வந்து சேரவே கஷ்டப்பட்டது.

"இனி என்ன செய்யலாம் எண்டு நினைக்கிறீங்கள்?"

அவள் எல்லோருக்கும் பழக்கிய கடைசிக் கேள்வி அது. எல்லாக் கோச்மாரும் அன்பாகக் கேட்கிற கேள்வியாம். றெஜினாவும் அன்பாகத்தான் கேட்டாள். அப்படிக் கேட்டதைப் பார்த்து எனக்கே முதுகு கூசியது. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார், சேலைத் தலைப்பால் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார். ஊர் கூடித் திட்டினபோது கச்சேரிக்காரி மாதிரி நின்றவர்.

"எனக்குத் தெரியேல்லை" என்றார்.

றெஜினா, "நன்றி ரீச்சர்" என்றாள்.

அதற்குப் பிறகு கௌசி பாடம் எடுத்தாள். யாரும் அவளை நிற்க வைக்கவில்லை. கஜீவன் பக்கத்தில் இருந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கழுத்து நரம்பு புடைக்கப் பொறுத்துக்கொண்டு இருந்தார். அவள் தன் பாடத்தைப் பற்றித் தானே கதைத்தாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். நீளமாகக் கதைத்தாள். புனிதவதி ரீச்சர் அதைப் பார்க்க இருக்கவில்லை. படியிறங்கிப் போயிருந்தார்.

எல்லோரும் போன பிறகு மாஸ்டர் வந்து நின்றார். நான் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, வயசு போன மனுசி. தலைமை வழிகாட்டி எண்டு பேரை மட்டும் அவவுக்குக் குடுப்பம். கௌரவப் பதவி மாதிரி. வேலையைக் கஜீவன் பாக்கட்டும்."

"இல்லை மாஸ்டர்."

"பேர் மட்டும்தான்."

"பேருக்குத்தான் அவ இவ்வளவு நாளும் ஆசைப்பட்டவ. அதைத்தான் நான் குடுக்கமாட்டன். வேலையைக் கேட்டிருந்தா யோசிச்சிருப்பன்."

"அப்ப ஆண்டு விழாவில ஒரு பொன்னாடையாவது..."

"போத்துங்கோ. என்னை மட்டும் கூப்பிடாதேங்கோ."

மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லி இளக்குவேன் என்று. நான் மிச்ச றோல்ஸை அவருக்குக் கட்டிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் பூசை முடிந்து நிற்கும்போது கதை அங்கேயும் வந்துவிட்டது. வயது போனவரைச் சபையில் வைத்து அப்படிச் செய்யலாமோ என்று ஒருத்தி றெஜினாவைக் கேட்டாள். கிறிஸ்தவளாய் இருந்துகொண்டு மன்னிக்க வேண்டாமோ என்று இன்னொருத்தி கேட்டாள். "மன்னிப்புக் கேட்டாப் பிறகுதானே அன்ரி மன்னிக்கலாம்" என்றாள் றெஜினா. "ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டவ. பிழை எண்டு சொல்லேல்லை." எனக்கு அது நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. அவளைத் திருத்த நான் யார்?

தலைமை வழிகாட்டியாகக் கஜீவனைப் போட்டார்கள். கௌசி இன்னும் அங்கேதான் படிப்பிக்கிறாள்.

இந்த வருடம் அடுத்த தொகுதிப் பயிற்சி தொடங்கப் போகிறது. போன கிழமை மாஸ்டர் போன் எடுத்து, யார் யார் வருகிறார்கள் என்று றெஜினாவுக்குச் சொன்னார். கடைசியாகத் தயங்கித் தயங்கிச் சொன்ன பெயர் புனிதவதி ரீச்சர். பதவிக்கு இல்லையாம். படிக்க வருகிறாராம். தானே வந்து கேட்டாராம்.

நான் மா குழைத்துக்கொண்டிருந்தேன். "என்னடி செய்யப்போறாய்?" என்று கேட்டேன்.

றெஜினா போனை மேசையில் வைத்தாள். முகம் இளகும் என்று ஒரு கணம் நினைத்தேன். இளகவில்லை.

"வரட்டும் மச்சாள்" என்றாள். "எனக்கு அவவிட்டக் கேக்க இன்னும் கிடக்கு."